ஆலைச் சர்க்கரையும் கொப்பரை வெல்லமும்

லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும் ‘ப்ராக்’ என்ற அடைவுக்குள் ‘வெர்ஷன்’ என்று ஒரு கோப்பு இருக்கும். திறந்தால் ஒரே ஒரு வரி. இந்தக் கணினியின் கர்னல் எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலரால் உருவானது, எந்த நாளில், யார் கையால் என்று அதில் எழுதியிருக்கும். வடக்கனந்தலில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வரியை அக்கா மகனுக்குக் காட்டினேன். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். வரியை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நடுவில் இருந்த மின்னஞ்சல் முகவரியில் விரலை வைத்தான்.

“இது யாரு மாமா?”

“டெபியன் கர்னல் குழு. உன் கர்னலைச் செய்து கொடுத்தவங்க.”

“நாம செஞ்சா நம்ம பேரு வருமா?”

வரும் என்றேன். அதற்காக இரண்டு ராத்திரி தூக்கம் போகும் என்பதை அப்போது சொல்லவில்லை.

அந்த மடிக்கணினி அவனுடைய அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் வழியாக இப்படிப் பல லட்சம் கணினிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தன. அவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்காது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இலவச மடிக்கணினித் திட்டத்துக்கும் முன்னால், எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசு அலுவலகக் கணினிகளில் சூஸி லினக்ஸைக் கொண்டுவரப் பாடுபட்டார். தமிழ்நாட்டு அரசுக்கும் லினக்ஸுக்கும் உள்ள உறவு பழையது, விட்டுவிட்டுத் தொடர்வது. அக்கா வீட்டுக் கணினியில் பாஸ் எப்போதோ அழிந்துவிட்டது. 2 ஜிபி நினைவகத்தோடு புதிய விண்டோஸ் மூச்சுத் திணற, நான்தான் போன விடுமுறையில் டெபியன் 12 போட்டுக் கொடுத்தேன்.

கர்னல் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உமிக்குள் இருக்கும் மணி, ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். நம் கண்ணுக்குத் தெரியும் ஜன்னல்களும் பொத்தான்களும் உமி. விசையைத் தட்டியதும் அந்தத் தட்டலை வாங்குவது, வட்டில் எழுதுவது, எந்த நிரலுக்கு எத்தனை நொடித்துளி நேரம் என்று பங்கு பிரிப்பது, ஒரு நிரலின் நினைவகத்துக்குள் இன்னொன்று கை வைக்காமல் தடுப்பது எல்லாம் உள்ளே இருக்கும் மணியின் வேலை. லினக்ஸ் என்ற பெயர் கறாராகப் பார்த்தால் இந்த மணிக்கு மட்டுமே உரியது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கினார். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது அதில் 1,76,250 வரிகள் இருந்தன. இன்று 3 கோடியைத் தாண்டிவிட்டது.

மனிதர் படிக்கும் இந்த வரிகளைச் சில்லு படிக்கும் எண்களாக மாற்றுவதுதான் கம்பைல் செய்வது. அந்த வேலையை யார் செய்வது? இரண்டு வழி உண்டு. இரண்டுமே அக்கா வீட்டைச் சுற்றிக் கண்ணெதிரே நடக்கின்றன.

வடக்கனந்தலை ஒட்டியிருக்கும் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். யார் வயல் கரும்பாக இருந்தாலும் ஒரே பட்டையில் விழுந்து, ஒரே மாதிரி வெள்ளைச் சர்க்கரையாக மூட்டைக்குப் போகும். சர்க்கரையைப் பார்த்து வயலைச் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், சொந்தமாகக் கரும்பை ஆட்டி, கொப்பரையில் சாறு காய்ச்சி வெல்லம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாகு பதம் வந்துவிட்டதா என்று பார்க்க அவர்களுக்குக் கருவி கிடையாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். டெபியன் குழு அனுப்புவது ஆலைச் சர்க்கரை. நாமே செய்துகொள்ளும் கர்னல் கொப்பரை வெல்லம். ஒப்புமை ஓரிடத்தில் உதைக்கும். வெல்லத்துக்கென்று தனி ருசி உண்டு. சரியாகச் செய்த சொந்தக் கர்னலுக்கும் டெபியன் கர்னலுக்கும் ருசி வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஏன் கஷ்டம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சுவாரசியமான பகுதி.

அரசு மடிக்கணினிகளையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கொள்முதலிலும் கம்பெனி மாறியது. உள்ளே இருந்த வைஃபை சில்லு, ஒலிச் சில்லு, தொடுதிண்டு எல்லாம் மாறின. ஆனால் அத்தனைக்கும் சேர்த்து ஒரே லினக்ஸ் நகலைத்தான் போட்டாக வேண்டும். பள்ளிக்குப் பள்ளி தனிக் கர்னல் சமைக்க முடியாது. ஆகவே ஆலைக் கர்னல் எல்லாச் சாதனங்களுக்குமான ஓட்டுநர் நிரல்களையும் சுமந்து வர வேண்டும். அத்தனையையும் ஒரே உருண்டையாக நினைவகத்தில் ஏற்றினால் 2 ஜிபி கணினிக்கு அது பெரும் பாரம். இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் மாட்யூல். ஓட்டுநர் நிரல்களைத் தனித்தனித் துண்டுகளாக வட்டில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் இழுத்துக்கொள்வது. டெபியன் கர்னலோடு சில ஆயிரம் மாட்யூல்கள் வரும். சாதாரண மடிக்கணினியில் ஒரு நேரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பவை நூற்றுச் சொச்சம்.

எது தேவை என்று கர்னலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சில்லும் ஓர் அடையாள எண்ணைத் தாங்கியிருக்கிறது. கர்னல் கேட்டதும் ‘நான் இன்னார் வீட்டுப் பிள்ளை, என் பெயர் இன்னது’ என்று இரண்டு எண்களைச் சொல்லும். இன்டெல் வீட்டு எண் 8086. தங்களுக்கு வாழ்வு கொடுத்த பழைய சில்லின் பெயரையே குடும்ப எண்ணாக வைத்துக்கொண்டார்கள். அந்த எண்களை ஒரு பெரிய பட்டியலோடு ஒப்பிட்டு, பொருத்தமான மாட்யூலை ஏற்றுகிறது கணினி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாட்யூல்கள் வட்டில் இருக்கின்றன. வட்டைப் படிக்கவும் ஒரு மாட்யூல் வேண்டும். அதுவும் வட்டில்தான் இருக்கிறது. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கிற கதை. அதனால் கர்னலோடு கூடவே ஒரு சிறு பொட்டலத்தையும் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். வட்டைத் திறக்கத் தேவையான சாவிகள் மட்டும் அதில் இருக்கும். கதவு திறந்ததும் பொட்டலத்தின் வேலை முடிந்துவிடும்.

மாட்யூல்கள் பழகி வருவதற்கு முன்னால் நிலைமை வேறு. 1990களின் பிற்பகுதியில் பிசி குவெஸ்ட் இதழோடு இணைப்பாக வந்த குறுந்தகட்டிலிருந்துதான் என் தலைமுறையில் பலருக்கு லினக்ஸ் அறிமுகம். நிறுவி முடித்தால் ஒலி வராது. ஒலி அட்டைக்காகக் கர்னலை மறுபடி கம்பைல் செய்வோம். அன்றைய நினைவகம் 8 எம்பி, 16 எம்பி. கர்னல் பிடித்துக்கொண்ட இடத்தை மற்ற நிரல்களின் இடத்தைப் போல வட்டுக்குத் தள்ளிவிட முடியாது. அது அங்கேயே கிடக்கும். ஆகவே வேண்டாததை வெட்டியெறிந்து கர்னலை ஒல்லியாக்குவதில் கண்கூடான பலன் இருந்தது. கம்பைல் செய்யத் தெரிந்தவன்தான் லினக்ஸ்காரன் என்ற வீறாப்பும் அப்போது பிறந்ததுதான். பலன் போய்விட்டது. வீறாப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

‘உன் சில்லுக்கென்றே கம்பைல் செய்தால் பறக்கும்’ என்று இன்றும் சொல்கிறார்கள். நான் அதை நம்புவதில்லை. முதல் காரணம், நம் கணினி பெரும்பாலான நேரத்தைக் கர்னலுக்குள் கழிப்பதில்லை. உலாவிக்குள்ளும் காணொளிக்குள்ளும்தான் கழிக்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் அழகானது. ஆலையில் செய்த கர்னல், கணினி இயங்கத் தொடங்கும் முதல் நொடியில் தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. எந்தச் சில்லின் மேல் ஓடுகிறோம் என்று பார்த்து, தன் கட்டளைகளில் குறிப்பிட்ட சில இடங்களை அழித்து, அந்தச் சில்லுக்கு ஏற்ற வேறு கட்டளைகளை அதே இடத்தில் எழுதிக்கொள்கிறது. உதாரணமாக, பல கோர்கள் ஒரே தரவைத் தொடும்போது போட்டுக்கொள்ளும் பூட்டுகள் ஒற்றைக் கோர் கணினிக்குத் தேவையில்லை. அந்தப் பூட்டுக் கட்டளைகளைக் கர்னல் தானே கழற்றிப் போட்டுவிடும். கடையில் வாங்கிய ஆயத்த ஆடை, உடுத்திய மாத்திரத்தில் தானே தையலைப் பிடித்துக்கொள்வதைப் போல. நாம் கொப்பரையில் காய்ச்சிச் சேர்க்க நினைத்த பதத்தில் பெரும்பகுதி இப்படி ஏற்கெனவே சேர்ந்துவிடுகிறது.

இந்தக் கதையில் ஒரு மருத்துவரும் வருகிறார். கான் கோலிவாஸ், ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் நிபுணர். பெரிய சர்வர்களுக்காகவே செதுக்கப்பட்ட கர்னல், பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்யும் சாதாரண ஆளின் கணினியில் திக்கித் திணறுகிறது என்று அவருக்குப் பட்டது. தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிடும் பகுதியை மாற்றி எழுதினார். அவருடைய திருத்தங்களைச் சேர்த்துக் கம்பைல் செய்துகொள்ள உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருந்தது. 2007-ல் மூலக் கர்னலுக்குள் போனது அவருடைய நிரல் அல்ல; அதே நியாயப் பங்கீட்டுக் கருத்தை வைத்து இங்கோ மோல்னார் எழுதிய வேறொன்று. கோலிவாஸ் வெறுத்துப்போய் விலகினார், இரண்டு வருடம் கழித்து இன்னொரு திருத்தத்தோடு திரும்பினார். தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் ஒலிப்பதிவுக்கும் தேவையான நிகழ்நேரக் கர்னலின் கதையும் இதைப் போன்றதுதான். 20 ஆண்டுகள் வெளியிலிருந்து ஒட்டும் திருத்தமாக வாழ்ந்து, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் முழுமையாக உள்ளே வந்தது. சொந்தமாகக் காய்ச்சியவர்கள் கண்டுபிடித்த பதம்தான் பிறகு ஆலைக்குள் போயிருக்கிறது. எனக்கென்னவோ சொந்தக் கம்பைலின் உண்மையான பயன் வேகத்தை விட இதுவாகத்தான் படுகிறது.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி மாமா, எப்ப ஆரம்பிக்கலாம்?” என்றான்.

முதல் ராத்திரி. மூல நிரலை டெபியன் பொட்டலமாகவே கொடுக்கிறது, சுருக்கிய அளவில் 130 எம்பி போல. இணையம் வந்தது அவன் போனை யுஎஸ்பி வயரால் இணைத்த வழியில். இறக்கி முடித்ததும் சார்ஜுக்காகப் போனைப் பிடுங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, கணினியை அணைத்து மறுபடி தொடங்கினான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்லும் பட்டியல். ஆயிரக்கணக்கான கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ‘உள்ளேயே வை’, ‘மாட்யூலாக வை’, ‘வேண்டாம்’ என்பவற்றில் ஒன்று பதில். டெபியனின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் பழைய இரட்டைக் கோர் கணினி விடிந்தும் முடிக்காது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’. இந்த நிமிடம் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆயிரங்களை வெட்டிவிடும். கூடவே பிழைநீக்கத் தகவல்களையும் அணைத்தோம். அணைக்காவிட்டால் வட்டில் பல ஜிபி போகும். கடைசிக் கட்டத்தில் 2 ஜிபி நினைவகம் போதாமல் எல்லாம் நின்றுவிடவும் கூடும்.

ஆரம்பித்த உடனே நின்றது. ஒரு சான்றிதழ்க் கோப்பைக் காணோம் என்றது. டெபியன் தன் மாட்யூல்களுக்கு முத்திரை குத்தப் பயன்படுத்தும் சாவியின் சான்றிதழைப் பட்டியல் தேடுகிறது. அது நம்மிடம் இல்லை. அந்த வரியை வெறுமையாக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆலை முத்திரை இல்லாத சரக்கு என்பது இப்படித்தான் முதலில் தெரியவந்தது. இந்தக் கணினி பழையது என்பதால் கேள்வி இல்லை. செக்யூர் பூட் இயங்கும் புதிய கணினியாக இருந்தால் முத்திரையில்லாத கர்னலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். நாமே ஒரு சாவி செய்து, கணினியின் ஏட்டில் அதைப் பதிவுசெய்து, கையொப்பமிட வேண்டும்.

கோப்புப் பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்தன. ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்துவிட்ட மடிக்கணினி, அப்படியே இருண்டது. கல்வராயன் மலைப் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது.

“போச்சா மாமா?”

போகவில்லை. கம்பைல் வேலையை மேய்க்கும் ‘மேக்’ என்ற நிரலை 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதன் சூட்சுமம் மிக எளியது. மூலக் கோப்பின் நேரத்தையும் அதிலிருந்து செய்த கோப்பின் நேரத்தையும் ஒப்பிடும். செய்தது புதிதாக இருந்தால் தொடாது. மூலம் புதிதாக இருந்தால் மட்டும் மறுபடி செய்யும். கரண்ட் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தோம். முடிந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தில் இறங்கியது. இருண்ட அந்தக் கணத்தில் பாதி எழுதப்பட்டிருந்த ஒன்றிரண்டு கோப்புகள்தான் சந்தேகத்துக்குரியவை. அவற்றைத் தேடி அழித்தேன். தயிர் உறையும்போது பாத்திரத்தை ஆட்டினால் என்ன ஆகும் என்பதை அக்கா ஒரு தரம் நினைவூட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

காலை 5 மணிக்கு முடிந்தது. புதிய கர்னல் பழையதை அழிக்காது. பக்கத்தில் போய் உட்காரும். கணினியைத் தொடங்கும்போது வரும் பட்டியலில் இரண்டும் தெரியும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நான் யாருக்கும் சொந்தக் கர்னலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். புதியதைத் தேர்ந்தெடுத்தான். திரை வந்தது. வைஃபை வந்தது. ஒலி வந்தது. இணையத்துக்காகப் போனை யுஎஸ்பியில் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை.

லோக்கல்மாட்கான்ஃபிக் சொன்னதைச் செய்திருந்தது. அந்த நிமிடம் ஏறியிருந்தவை மட்டும். கணினி மறுபடி தொடங்கியதிலிருந்து போன் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. யுஎஸ்பி வழி இணையத்துக்கான மாட்யூல் ‘வேண்டாதவை’ கணக்கில் போய்விட்டது. வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று தெரியாமல், இப்போது கூடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் உலை வைத்த கதை. ஆலைக் கர்னல் ஏன் நாலாயிரம் பேருக்குச் சமைக்கிறது என்பது அவனுக்கு என் விளக்கத்தில் புரிந்ததைவிட அந்த வயரில் நன்றாகப் புரிந்தது.

தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். வட்டுக்கான ஓட்டுநர் விடுபட்டிருந்தால் வட்டில் இருக்கும் வேர் அடைவை ஏற்ற முடியவில்லை என்று சொல்லிக் கணினி அங்கேயே நின்றிருக்கும். சொந்தமாகக் கம்பைல் செய்கிற எல்லாரும் ஒரு முறையாவது அந்தத் திரையைப் பார்த்திருப்பார்கள். நான் மூன்று முறை.

அவனுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அதை இங்கே சொல்கிறேன். கொப்பரை ஒரு நாள் வேலை இல்லை. 2016 அக்டோபரில் ‘டர்ட்டி கௌ’ என்ற ஓட்டை வெளியே வந்தது. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் அதன் வழியாக முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும். 2007-லிருந்து கர்னலுக்குள்ளேயே இருந்த பிழை. டெபியன் பயனர்கள் வழக்கமான மேம்படுத்தலில் திருத்தத்தைப் பெற்றார்கள். சொந்தக் கர்னல்காரர்கள் செய்தியைத் தாமாகத் தெரிந்துகொண்டு, மூலத்தை இறக்கி, மறுபடி ஒரு ராத்திரி கண்விழித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே கட்டுவதைக் கொள்கையாகக் கொண்ட ஜென்டூ லினக்ஸ்கூட 2020-ல் ஆயத்தக் கர்னல் பொட்டலத்தைக் கொடுக்க ஆரம்பித்தது. அதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. அலுப்பு என்பதும் ஒரு பொறியியல் காரணம்தான்.

ஆலைச் சரக்கே இல்லாத இடமும் உண்டு. 2018-ல் சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையிலான சக்தி குழு தாங்கள் வடிவமைத்த ரிஸ்க்-ஃபைவ் சில்லுகளை அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள இன்டெல் ஆலையில் வார்த்து வாங்கி, அதில் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. நேற்றுப் பிறந்த சில்லுக்கு எந்த டெபியனும் கர்னல் தயாராக வைத்திருக்காது. வேறொரு கணினியில் உட்கார்ந்து அந்தச் சில்லின் மொழியில் கம்பைல் செய்து கொண்டுபோய் ஊட்ட வேண்டும். நேரெதிர்க் கோடியில் இருப்பது மாப்பிள்ளையின் போன். ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றுக்குள்ளும் லினக்ஸ் கர்னல்தான் ஓடுகிறது. வடக்கனந்தல் கடைத்தெருவில் சட்டைப் பைக்குச் சட்டைப் பை ஒரு கர்னல் நடமாடுகிறது. அதில் ஒன்றைக்கூட அதன் சொந்தக்காரர் மாற்றியதில்லை, பெரும்பாலும் மாற்றவும் விடமாட்டார்கள்.

இரண்டாம் ராத்திரி. ஆலைக் கர்னலில் கணினியைத் தொடங்கி, போனைச் செருகிவைத்தே பட்டியலை மறுபடி எடுத்தோம். பென் டிரைவ், பக்கத்து வீட்டு பிரின்டர், வெப்கேமரா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னேன். விடுபட்ட துண்டுகளை மட்டும் செய்தால் போதும் என்பதால் நேற்றைப் போல விடிய விடிய ஆகியிருக்காது. ஆனால் பதிப்பு எண்ணோடு ஒட்டும் பெயரை மாற்றலாம் என்று பட்டியலில் அவன் பார்த்துவிட்டான். பெயரை மாற்றினால் மாட்யூல் ஒவ்வொன்றின் முத்திரையும் மாறும், நிறைய மறுபடி ஓடும் என்றேன். பரவாயில்லை என்றான்.

விடிந்ததும் ப்ராக் அடைவில் அந்த ஒற்றை வரியைத் திறந்தான். பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு, பிறகு வடக்கனந்தல். டெபியன் குழுவின் முகவரி இருந்த இடத்தில் அவன் பெயர். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

மூன்று மாதம் கழித்துப் பொங்கலுக்குப் போனபோது கணினியைத் திறந்து பார்த்தேன். இடையில் டெபியன் இரண்டு பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பியிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது ஆலைக் கர்னல். தொடக்கப் பட்டியலில் இரண்டு வரி கீழே வடக்கனந்தல் இருந்தது. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். அடுத்த லீவில் அந்தப் பட்டியலை வைத்துப் புதிய மூலத்தில் மறுபடி ஒரு தரம் காய்ச்சிப் பார்க்கப் போகிறானாம். இந்தத் தடவை போனைச் செருகிவைத்து.